முக்காலி மட்டும் வரவில்லை

பன்னீர்மரத் தெருவில் எறிந்த சாமான்கள் வீடு திரும்பத் தொடங்கியது ஆனி மாதத்து ஒரு செவ்வாய்க்கிழமை. முதலில் வந்து சேர்ந்தது ஓய்வுபெற்ற போஸ்ட்மாஸ்டர் குற்றாலிங்கத்தின் பழைய டூத் பிரஷ். முடியெல்லாம் கொட்டி, இடுப்பு வளைந்து, ஊருக்கு வெளியே எட்டு கிலோமீட்டர் தள்ளியிருக்கும் குப்பைக் கிடங்கிலிருந்து நடந்தே வந்த களைப்போடு அது அவர் வீட்டு வாசற்படியில் சாய்ந்து கிடந்தது. இட்லிக் கொப்பரைக்கு அடுப்பு மூட்ட நாலு மணிக்கே எழுந்துவிடும் எதிர்வீட்டுச் சங்கரவடிவுதான் அதை முதலில் பார்த்தாள். முப்பத்தாறு வருசம் ஊருக்கெல்லாம் தபால் கொண்டு சேர்த்த மனுசனுக்கு ஒரு பிரஷை ஒழுங்காகத் தூரப் போடத் தெரியவில்லையே என்று மட்டும் நினைத்துக்கொண்டு அவள் கோலப்பொடியை எடுத்தாள்.

மறுநாள் பால் பாக்கெட்டுகள் வந்தன. அதற்கு மறுநாள் ஒரு ரூபாய் ஷாம்புப் பாக்கெட்டுகள், பிறகு ஒற்றைச் செருப்புகள், மை தீர்ந்த பேனாக்கள், காது உடைந்த வாளிகள், பாட்டு நின்றுபோன ரேடியோக்கள். நேற்று எறிந்தது இன்று வந்தது, போன மாதம் எறிந்தது அடுத்த வாரம் வந்தது, பத்து வருசத்துக்கு முன்னால் எறிந்தது ஆடி பிறந்த பிறகு வந்தது, அதனதன் தூரம் அப்படி. கல்யாணப் பத்திரிகையைக்கூட கதவு எண் பார்க்காமல் பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போகிற ஊர்தான் அது, ஆனால் குப்பை ஒருநாளும் வீடு மாறவில்லை. யார் கையால் எறியப்பட்டதோ அவர்கள் வாசலில்தான் விடியும்போது உட்கார்ந்திருந்தது.

சங்கரவடிவு இருபத்திரண்டு வருசமாக வீட்டின் முன்கட்டில் மெஸ் நடத்திவருகிறாள். புருசன் போன பிறகு அவளைத் தூக்கி நிறுத்தியது அந்த இட்லிக் கொப்பரைதான். வந்து உட்கார்ந்து சாப்பிடுகிறவர்களைவிடப் பார்சல் வாங்குகிறவர்கள் அதிகம் என்பதால், முதல் சண்டையும் அவள் வாசலுக்குத்தான் வந்தது.

"எக்கா, ஒங்க சாம்பார் கவரு இருவத்தேழு எங்க வாசல்ல குத்தவச்சு உக்காந்திருக்கு. நான் டீக்கடையிலதான் சாப்பிடுதேன்னு வீட்ல சொல்லிருந்தேன். வாசத்த வச்சே கண்டுபிடிச்சிட்டா" என்றான் லேத் பட்டறைக்காரன் ஒருவன்.

"நீ எறிஞ்சது ஒன் வீட்டுக்கு வருது. நானா எறிஞ்சேன்?" என்று அவள் வாயடித்து அனுப்பினாள். வாயடித்தாளே தவிர மனசு கேட்கவில்லை. மறுநாளே கவர்க் கட்டைத் தூக்கி மூலையில் வைத்துவிட்டு, தூக்குவாளி கொண்டுவந்தால் சாம்பார், இல்லாவிட்டால் வாழை இலையில் இங்கேயே இருந்து தின்றுவிட்டுப் போ என்று சொல்லிவிட்டாள். ஒரு வாரம் முனகினார்கள். பிறகு பரணில் கிடந்த தூக்குவாளிகளெல்லாம் புளி போட்டு விளக்கப்பட்டு, காலை ஆறு மணிக்கு அவள் வாசலில் வரிசையாகக் காத்திருந்தன.

தெரு உடனே வழிக்கு வந்துவிட்டது என்று நினைத்துவிடக் கூடாது, நம் ஜனங்கள் அப்படி ஒரு சொல்லுக்கு மசிகிறவர்களா என்ன? இரண்டாவது வாரம் எல்லாரும் குப்பையைப் பக்கத்துத் தெருவில் கொண்டு போட்டார்கள், பக்கத்துத் தெருக்காரன் திட்டியதையும் சேர்த்து எடுத்துக்கொண்டு அது திரும்பி வந்தது. சிலர் கொளுத்திப் பார்த்தார்கள், புகை கொளுத்தினவன் வீட்டுக்குள்ளேயே போய் மூன்று நாள் கட்டிலில் படுத்திருந்தது. போஸ்ட்மாஸ்டர் குற்றாலிங்கம் மட்டும், இதெல்லாம் முறையாகச் செய்யவேண்டிய காரியம் என்று, தன் வீட்டுக் குப்பையைப் பார்சலாகக் கட்டி, அரக்கு வைத்து, தபால்தலை ஒட்டி, இல்லாத ஒரு ஊருக்கு இல்லாத ஒரு ஆளின் பெயருக்கு அனுப்பினார். பத்தாம் நாள், 'பெறுநர் இல்லை, அனுப்பியவருக்கே திருப்பப்படுகிறது' என்ற முத்திரையோடு அது வந்து சேர்ந்தது. தபால் துறை இன்னும் ஒழுங்காக வேலை செய்கிறது என்பதில் அவருக்கு உள்ளூர ஒரு பெருமைதான்.

அடுத்தது ஆற்றுக்குப் போனவை. தோசம் கழிய ஆற்றில் முங்கி, கட்டியிருந்த துணியைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வருவது அந்தப் பக்கத்து வழக்கம். வருசக்கணக்காக விட்ட வேட்டிகளும் சேலைகளும் ஆடிப்பெருக்கு முடிந்த கையோடு ஈரம் சொட்டச் சொட்டத் தெருவுக்குள் வந்தன. ஏழரைச் சனியைத் தொலைக்க விட்டுவந்த வேட்டி வாசலில் கிடப்பதைப் பார்த்த ஒருவர், சனியும் கூடவே வந்துவிட்டாரோ என்று பதறிப்போய்க் கோயில் பட்டரிடம் ஓடினார். பட்டர் வேட்டியைப் பிரித்துப் பார்த்தார்.

"சனி ஆத்தோட போயிட்டாரு. வேட்டி மட்டுந்தான் வந்திருக்கு. நல்ல எட்டு முழம், தொவச்சுக் கட்டும்."

எல்லாவற்றையும் மாற்றியது போஸ்ட்மாஸ்டரின் மனைவி கோமதி சொன்ன ஒரு வார்த்தைதான். கல்யாணத்துக்கு அவள் அப்பா சீராகக் கொடுத்த சுவர்க்கடிகாரத்தை, ஓடவில்லை என்று இருபது வருசத்துக்கு முன்னால் அவள் தூக்கிப் போட்டிருந்தாள். அது ஒரு காலை கண்ணாடியில்லாமல், ஒரு முள் இல்லாமல் வாசலில் வந்து நின்றபோது, விளக்குமாறோடு வெளியே வந்தவள் கையிலிருந்ததை அப்படியே கீழே போட்டுவிட்டு, ஊரிலிருந்து வந்த பிள்ளையைக் கேட்பதுபோல, "வந்துட்டியா? உள்ள வா" என்றாள். அன்று முதல் தெருவில் அதுவே வழக்கமாகிவிட்டது. வாசலில் எது வந்து உட்கார்ந்திருந்தாலும், உடைந்த வாளியானாலும் கிழிந்த பாயானாலும், "வந்துட்டியா? உள்ள வா" என்று சொல்லித்தான் எடுத்துக்கொண்டு போவார்கள். சொல்லாமல் எடுத்தால் வீட்டுக்கு ஆகாது என்றுகூட ஒரு பேச்சு கிளம்பியது.

உள்ளே வந்ததை என்ன செய்வது என்பது அடுத்த கவலை. தெருமுனையில் குடையும் ஸ்டவ்வும் ரிப்பேர் பார்க்கிற சேக் மைதீன் பாய், பத்து வருசமாக ஈ ஓட்டிக்கொண்டிருந்தவர், இப்போது டீ குடிக்க நேரமில்லாமல் அலைந்தார். கோமதியின் கடிகாரம் ஒற்றை முள்ளோடு ஓடியது, மணி மட்டும் தெரியும், நிமிசம் தெரியாது, எங்களுக்கு அது போதும் என்றார்கள் வீட்டில். காது போன வாளிகளில் காய்கறித் தோலையும் மண்ணையும் மாற்றி மாற்றிப் போட்டு மூடி வைத்தார்கள், ஏனென்றால் மண் தின்றது மட்டும் திரும்பி வருவதில்லை என்பதை ஆவணிக்குள் எல்லாரும் கண்டுகொண்டிருந்தார்கள். வாழை இலை வரவில்லை, தேங்காய்நார் வரவில்லை, வேப்பங்குச்சி வரவில்லை. அதனால் அவையெல்லாம் மெல்ல மெல்ல வீட்டுக்குள் வந்தன. மளிகைக் கடைக்காரர் பருப்பைத் தாளில் பொட்டலம் கட்டப் பழகிக்கொண்டார். ஷாம்புப் பாக்கெட் வாங்குகிற பெண், அது நாளைக்கே வந்து வாசலில் நிற்குமே என்று ஒரு நிமிசம் யோசித்து, சீயக்காய்க்குக் கை நீட்டினாள். வீட்டுக்குள் எதைக் கொண்டுவந்தாலும் இது நம்மோடு கடைசிவரை இருக்கப்போகிறது என்று தெரிந்துவிட்டால், மனுசனுக்குப் பெண் பார்க்கப் போகிற நிதானம் வந்துவிடுகிறது.

இப்படித் தெருவே தன் சாமான்களோடு சமாதானமாகிக்கொண்டிருந்தபோது, சங்கரவடிவு மட்டும் தன் வாசலுக்கு வந்தவற்றை ஒரு வார்த்தை பேசாமல் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தாள். ஏனென்றால் அவையெல்லாம் உலகம்மாளுடையவை.

உலகம்மாள் அவள் தங்கை. கல்யாணமாகாதவள். மெஸ் தொடங்கிய நாளிலிருந்து அக்காகூடவே இருந்து, ஒரு கால் கட்டையான முக்காலியில் உட்கார்ந்து சட்னிக்கு அரைத்துக்கொடுத்தவள். குழவியை இழுக்கும்போதெல்லாம் அந்த முக்காலி 'டக் டக்' என்று ஆடும், அந்தச் சத்தம் நின்றால் சட்னி தயார் என்று சங்கரவடிவு கொப்பரையை இறக்குவாள். ஐந்து வருசத்துக்கு முன்னால், ஒரு சித்திரை மாதத்துச் சாயங்காலம், எட்டுப் பேர் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும்போது, முக்காலியிலிருந்தபடியே உலகம்மாள் சொன்னாள்.

"எக்கா, சாம்பார் ஊசிப்போச்சு. ஊத்தாத."

ஊசித்தான் போயிருந்தது. சங்கரவடிவுக்கும் அது தெரியும். ஆனால் எட்டுப் பேருக்கு முன்னால் சொல்லிவிட்டாளே என்று மூக்குக்கு மேல் கோபம் வந்து, எட்டு இலையிலும் ஊற்றினாள். எட்டுப் பேரும் இலையை மூடிவிட்டு எழுந்து போனார்கள். அதற்குப் பிறகு அவள் தங்கையைப் பார்த்துச் சொன்னதைத்தான் ஐந்து வருசமாக நினைக்காமலிருக்கப் பார்க்கிறாள். "என் வீட்ல ஒண்டிக்கிட்டுத் திங்கவளுக்கு வாயப் பாரு" என்று சொல்லியிருந்தாள்.

உலகம்மாள் ஒரு துணிப்பையோடு வாசலில் இறங்கினாள். இறங்கியவள் திரும்பி நின்றாள்.

"நீ என்ன என்னய எறியது? நானுந்தான் ஒன்னய எறிஞ்சிட்டுப் போறேன். எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல."

மறுநாள் விடியற்காலையில் சங்கரவடிவு ஆற்றுக்குப் போய், தங்கையைத் தலைமுழுகி, கட்டியிருந்த கடுகு நிறச் சேலையைத் தண்ணீரோடு விட்டுவிட்டு வந்தாள். வந்த வேகத்தில் உலகம்மாள் விட்டுப்போன இரண்டு சேலை, சீப்பு, விளிம்பு நசுங்கிய டம்ளர், முக்காலி எல்லாவற்றையும் குப்பையில் எறிந்தாள். உலகம்மாள் ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் பிள்ளையார் கோயில் பின்னால் ஒரு அறை எடுத்து, மாவாட்டி விற்றுப் பிழைக்கிறாள் என்று கேள்வி. நடந்தால் கால் மணி நேரம். ஐந்து வருசத்தில் இரண்டு பேரில் ஒருத்தியும் அந்தக் கேட்டைத் தாண்டவில்லை.

சீப்பு ஆடியில் வந்தது. நசுங்கிய டம்ளர் ஆவணியில் வந்தது. இரண்டு சேலையும் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு ஒரே நாளில் வந்தன. ஒரு வெள்ளிக்கிழமை கடுகு நிறச் சேலையும் ஆற்றிலிருந்து வந்து, சொட்டச் சொட்ட வாசலில் உட்கார்ந்திருந்தது. அதை அவள் கொடியில் காயப்போட்டபோது, அது எந்த நாளில் கட்டிய சேலை என்று தெருவுக்கே தெரிந்திருந்தும் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கோமதி மட்டும் ஒரு கிண்ணம் புளியோதரை கொண்டுவந்து கொடுத்துவிட்டு, கொடியைப் பார்க்காமலே போனாள்.

முக்காலி மட்டும் வரவில்லை.

முதலில் அவளுக்கு அது நிம்மதியாக இருந்தது. பிறகு உறுத்தியது. பிறகு, ஏன் மறைக்கவேண்டும், அவள் ஏங்க ஆரம்பித்துவிட்டாள். முக்காலி வந்துவிட்டால், ஏட்டி, ஒன் முக்காலி வந்து கெடக்கு, இந்தா, என்று கொண்டுபோய்க் கொடுக்க ஒரு சாக்கு கிடைக்குமே என்றிருந்தது. நாலு மணிக்கு எழுந்திருக்கிறவள் மூன்றரைக்கு எழுந்தாள். வாசல் விளக்கை அணைக்காமல் வைத்தாள். வழியில் அந்தக் கட்டைக்கால் தடுக்கி எங்கேயாவது விழுந்திருக்குமோ என்று தெருமுனைவரை போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

புரட்டாசி பிறந்து இரண்டு வாரமான பிறகு பொறுக்க முடியாமல் முப்பிடாதியைக் கேட்டாள். முப்பிடாதி அந்தத் தெருவுக்குக் குப்பை வண்டி ஓட்டுகிறவள். அள்ளக் குப்பை இல்லாமல்போன பிறகு அவள் வண்டியில் சாமான்களை ஏற்றிக்கொண்டு, வேண்டாத வீட்டிலிருந்து வேண்டுகிற வீட்டுக்குத் தரகு பார்த்துக்கொண்டிருந்தாள். "நல்ல வாளிக்கா, குணமான வாளி. அடி மட்டும் லேசா ஒழுகும், செடி வைக்க ஆகும்" என்று ஒரு கல்யாணத் தரகரின் சாமர்த்தியத்தோடு பேசுவாள்.

"ஏ முப்பிடாதி, எல்லாருக்கும் எல்லாம் வருதே, செலது மட்டும் ஏன் வரமாட்டேங்கு?" என்றாள் சங்கரவடிவு, இலையைத் துடைத்தபடி, ஏதோ பொதுவாகக் கேட்பதுபோல.

முப்பிடாதி இட்லியைப் பிட்டுக்கொண்டே சொன்னாள். "வேற ஆளுக்கு ஒதவிச்சுன்னா அது அங்கனயே இருந்துக்கிடும்க்கா. போஸ்ட்மாஸ்டர் சார்வாள் குடை மூணு மட்டம் வந்துது. நான் அத எங்க தெரு கீரைக்காரிட்ட குடுத்தேன், அதுக்கப்புறம் வந்துதா? ஒருத்தருக்கும் ஒதவாம கெடக்கதுதான் எறிஞ்சவளத் தேடி வரும்."

"அப்போ அந்த முக்காலி..."

"ஒரு காலு கட்டையா இருக்குமே, அதா?"

சங்கரவடிவின் கை நின்றுவிட்டது.

"அத நீங்க எறிஞ்ச அன்னைக்கே எடுத்துட்டேன்க்கா. எங்கயும் கொண்டு போடல. அதுல உக்காருத ஆளுக்குத்தான் குடுத்தேன்" என்றாள் முப்பிடாதி. பிறகு, "சட்னி இன்னுங் கொஞ்சம் போடுங்க. மிக்ஸி சட்னிதான், பரவால்ல" என்று தட்டை நீட்டினாள்.

அன்று சங்கரவடிவு உப்பை இரண்டு தடவை போட்டாள். ஐந்து வருசமாக அந்த முக்காலி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் 'டக் டக்' என்று ஆடிக்கொண்டிருக்கிறது, தான் இங்கே விளக்கைப் போட்டுக்கொண்டு அதற்குக் காத்திருக்கிறோம் என்பதை நினைக்க நினைக்க அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தது. தான் எறிந்ததெல்லாம் வந்துவிட்டது, சரிதான். ஆனால் அந்தச் சாயங்காலம் வாசலில் நின்று உலகம்மாள் எறிந்துவிட்டுப் போனாளே ஒன்று, அது இன்னும் போய்ச் சேரவில்லையே என்ற நினைப்பு அன்று ராத்திரி படுக்கும்போதுதான் அவளுக்கு வந்தது.

மறுநாள் நாலு மணிக்கு எழுந்தாள். இருபத்திரண்டு வருசத்தில் முதல் தடவையாக அடுப்பை மூட்டவில்லை. கடுகு நிறச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். சீப்பையும் நசுங்கிய டம்ளரையும் இரண்டு சேலையையும் ஒரு மஞ்சள் பையில் வைத்துக்கொண்டு கதவைச் சாத்திவிட்டு இறங்கினாள். அந்த நேரத்தில் தெருவை விட்டு வெளியே போகிறவர்கள் கிடையாது என்பதால், சாமான்கள் நடந்து வருவதை அதுவரை யாரும் பார்த்ததில்லை. அவள் பார்த்தாள். ஒரு பிளாஸ்டிக் குடம், ஒரு ஒற்றைச் செருப்பு, பழைய காலண்டர் ஒன்று, மூன்றும் ரோட்டோரமாக வந்துகொண்டிருந்தன. அவளைக் கண்டதும் ஒதுங்கி வழிவிட்டன. அவளும் ஒதுங்கி வழிவிட்டாள். யாரும் யாரையும் எங்கே போகிறாய் என்று கேட்கவில்லை.

ரயில்வே கேட் மூடியிருந்தது. சரக்கு ரயில் ஒன்று, திரும்பிப் போகிறவர்கள் போய்விடலாம் என்பதுபோல, அவசரமே இல்லாமல் போய்க்கொண்டிருந்தது. அவள் நின்றாள். கேட் திறந்தது.

பிள்ளையார் கோயில் பின்னால் எந்த வீடு என்று அவள் யாரையும் கேட்கவேண்டியிருக்கவில்லை. கோயில் மதிலைத் தாண்டும்போதே காதில் விழுந்துவிட்டது, டக் டக், டக் டக். அந்தச் சத்தம் வந்த வாசற்படியில் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கதவைத் தட்டத் தைரியம் வரவில்லை. திரும்பி வந்த எந்தச் சாமானும் கதவைத் தட்டியதும் இல்லை.

உள்ளே சத்தம் நின்றது. சட்னி தயார் என்று அவள் கை தன்னால் கொப்பரையைத் தேடியது. தாழ்ப்பாள் விலகி, வாசல் தெளிக்கிற வாளியோடு உலகம்மாள் வெளியே வந்தாள். முன்னந்தலை நரைத்திருந்தது. அப்பாவின் மூக்கு அப்படியே இருந்தது. வாளித் தண்ணீர் தளும்பி அவள் காலிலேயே கொட்டியது.

சங்கரவடிவு பையை நீட்டப்போய், நீட்டாமல், படியில் உட்கார்ந்தபடியே அண்ணாந்து பார்த்துச் சொன்னாள்.

"சாம்பார் ஊசித்தான்டி போயிருந்துது."

உலகம்மாள் அக்காவின் வெடித்த காலையும், புழுதி படிந்த சேலைக் கரையையும், தூக்கமில்லாத கண்ணையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். நெடுந்தூரம் நடந்து வந்த ஒன்றை அந்த ஊர்ப் பெண்கள் எப்படிப் பார்ப்பார்களோ அப்படிப் பார்த்தாள். பிறகு வாளியைக் கீழே வைத்துவிட்டு, ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, அந்தக் கையை நீட்டினாள்.

"வந்துட்டியா?" என்றாள். "உள்ள வா."